பதினேழு வருஷத்து விரோதி

எட்மண்டுக்குச் சொந்தமான நான்கு சென்ட் நிலம் பதினேழு வருடங்களாகக் காணாமல் போயிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அதை வைத்திருந்த காளிமுத்துவுக்கும் தெரியாது. நிலத்துக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அது பாட்டுக்குக் கேரட்டும் பட்டர் பீன்ஸும் விளைந்துகொண்டிருந்தது.

எட்மண்ட் குந்தா பக்கம் ஒரு மின் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் ஆபரேட்டராக இருந்தவர். மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவது அவர் வேலை. பார்த்ததை எழுத வேண்டும், பார்க்காததை எழுதக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்று அவர் நம்பினார். கட்டபெட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கி வீடு கட்டி, மனைவி தபித்தாளையும் மகள் ஸ்டெபியையும் குடிவைத்துவிட்டு, தான் குவார்ட்டர்ஸில் தங்கி வாரத்துக்கு ஒருமுறை வந்து போனார். அவர் இல்லாத ஆறு நாளும் கேஸ் சிலிண்டர் மாற்றுவதிலிருந்து ஸ்டெபியை மினி பஸ்ஸில் ஏற்றிவிடுவது வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுக் காளிமுத்து.

இரண்டாயிரத்து ஆறில் காட்டெருமைத் தொல்லை அதிகமானது. இருவரும் சேர்ந்து இரண்டு நிலத்துக்கும் நடுவே வேலி போட்டார்கள். எட்மண்ட் கம்பியை இழுத்துப் பிடித்தார். காளிமுத்து ஆணி அடித்தார். எல்லை எது என்ற கேள்வி வந்தபோது, “அந்த சில்வர் ஓக் மரந்தானுங்ணா” என்றார் காளிமுத்து. “இருக்கும்” என்றார் எட்மண்ட். அந்த ஒரு சொல்லில் நான்கு சென்ட் அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்தது. வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டார்கள். காளிமுத்து தினமும் காலையில் அந்த வழியாக வந்து, எட்மண்ட் வீட்டுச் சமையலறைப் படியில் உட்கார்ந்து டீ குடிப்பது வழக்கம்.

எட்மண்ட் ஓய்வு பெற்று, ஸ்டெபி கல்யாணமாகி பெங்களூருக்குப் போன பிறகு, வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பத்திர ஆபீஸில் புதிதாக அளந்து வாருங்கள் என்றார்கள். அளக்க வந்த சர்வேயர் பெயர் ஆறுக்குட்டி. மூன்று கால் கருவி ஒன்றை நிறுத்தி, வானத்தில் எட்டு சாட்டிலைட் கிடைக்கும்வரை பனிமூட்டத்தில் காத்திருந்து, காகிதத்தையும் பூமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், உங்க நிலம் தப்பா இருக்குதுங்க” என்றார்.

“அளவு தப்புங்களா?”

“அளவு தப்பாகாது. மேப்பும் தப்பாகாது. ரெண்டும் எங்க டிபார்ட்மெண்ட். நிலந்தான் தப்பான எடத்துல இருக்கு.”

எல்லைக் கல்லைத் தேடினார்கள். காளிமுத்துவின் மனைவி மாலதி அதன்மேல் ஒரு போர்வையை வைத்துத் துவைத்துக்கொண்டிருந்தார். ஆறுக்குட்டி அந்தக் கல்லை மூன்று பக்கமும் சுற்றிவந்து பார்த்தார்.

“கவர்ன்மெண்ட் கல்லுங்க இது, எடம் மாறி வந்திருக்குது. ஆனா கல்லு இருக்கற எடந்தான் எல்லைன்னு நான் எழுதினா, உங்க எல்லை இவங்க பாத்ரூமுக்குள்ள போயிரும். அதனால கல்லு காணலைன்னு ஒரு மனு குடுங்க.”

“கல்லுதான் இருக்குதுங்களே?”

“இருக்கற கல்லுக்கு ஃபாரம் இல்லீங்க சார். காணாத கல்லுக்குத்தான் ஃபாரம் இருக்கு.”

அன்று பிற்பகலே எட்மண்ட் காளிமுத்துவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேரும் சமையலறைப் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் எட்மண்ட் சொன்னார்: “இதுக்குப் போயி வேலியப் பிரிக்கறதா? பதினேழு வருஷம் நீதான் மண்ணு கொத்திருக்க. வெச்சுக்கப்பா. உன் பேருக்கே எழுதித் தந்தர்றேன். திங்கக்கிழம பத்திர ஆபீஸ் போயிட்டு வந்துரலாம்.”

காளிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏனுங்க்கா, கேட்டீங்களா? எங்கூடப் பொறந்தவன்கூட இப்படிச் சொன்னதில்லீங்க” என்று தபித்தாளிடம் சொன்னார்.

திங்கட்கிழமை எட்மண்ட் சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தார். காளிமுத்து வரவில்லை. அவருடைய மருமகன் பாண்டியராஜ் கோயம்புத்தூரிலிருந்து வந்து, அவரை வக்கீல் சந்துருவிடம் அழைத்துப் போயிருந்தார். பாண்டியராஜுக்கு அந்த இடத்தில் டூரிஸ்டுகளுக்காக நாலு காட்டேஜ் கட்டும் திட்டம் இருந்தது.

வக்கீல் ஆபீஸில் நடந்த உரையாடலைப் பிறகு காளிமுத்துவே ஒளிவுமறைவில்லாமல் எட்மண்டிடம் சொன்னார். அப்போது அவர் இன்னும் நண்பராகத்தான் இருந்தார்.

சந்துரு சொன்னது இது: “தானமா வாங்காதீங்க. அவர் இன்னிக்கு நல்லவரு. நாளைக்கு அவரு மக வந்து எங்கப்பாவ ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்கன்னு கேஸ் போடலாம். நல்லவங்க செத்துப் போவாங்க, கோர்ட்டு குடுத்த டிக்ரி சாகாது. சட்டத்துல எதிரிடை அனுபவ பாத்தியம்னு ஒண்ணு இருக்குது. அடுத்தவன் நெலத்த பன்னெண்டு வருஷம் பகிரங்கமா, இடைவிடாம, அவனுக்கு விரோதமா வெச்சிருந்தா அது உங்களோடது.”

“விரோதமாவாங்க? நான் தெரியாமத்தானுங்க வெச்சிருந்தேன்.”

“இந்த வார்த்தைய இனி வாயில எடுக்காதீங்க. தெரியாம வெச்சிருந்தா அது வெறும் தப்பு. தெரிஞ்சே வெச்சிருந்தாத்தான் உரிமை.”

“அப்ப திருடன்தானுங்களே?”

“திருடன் ஒளிஞ்சு எடுப்பான். நீங்க பட்டப்பகல்ல எடுத்திருக்கீங்க. சட்டம் அந்தத் தைரியத்தத்தான் மதிக்குது.”

இதைச் சொல்லி முடித்த காளிமுத்து தலையைச் சொறிந்தார். “கோர்ட்டுக்கு மட்டுந்தானுங்ணா விரோதி. நமக்குள்ள ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கும் குடுக்கற எண்ணந்தானுங்களே? எந்த வழியில வந்தா என்னங்க?”

எட்மண்ட் யோசித்துப் பார்த்தார். கொடுப்பது என்று முடிவான பிறகு எந்த வழியில் போனால் என்ன என்பது அவருக்கும் சரியாகத்தான் பட்டது.

“ஆனா விரோதத்துக்கு ஒரு ஆதாரம் வேணுமாமுங்க. ஸ்டேஷன்ல ஒரு புகார் குடுத்து வெக்கச் சொன்னாரு. எனக்கு மனு எழுத வராதுங்ணா. உங்க கையெழுத்து நல்லாருக்கும்.”

முப்பத்து நான்கு வருடம் லாக் புத்தகம் எழுதிய கை அது. எட்மண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்: ‘மேற்படி முகவரியில் வசிக்கும் எட்மண்ட் என்பவர் என்னுடைய நீண்டகால விரோதி. நான் அனுபவித்துவரும் நிலத்தைத் தன்னுடையது என்று அவர் அறிந்தும், என்னை எதிர்க்கத் துணிவின்றி இருந்துவருகிறார்.’ துணிவின்றி என்ற இடத்தில் காளிமுத்துவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. “இது வேண்டாங்ணா” என்றார். “இருக்கட்டும், வாக்கியம் முடியணுமில்ல” என்றார் எட்மண்ட்.

இருவரும் ஒரே பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே இருந்த ரைட்டர் மனுவைப் படித்துவிட்டு, “எதிரி யாரு?” என்று கேட்டார்.

“நான்தானுங்க” என்றார் எட்மண்ட்.

“கூடவே கூட்டியாந்துட்டீங்களா? நல்ல பழக்கம். பல பேரு எங்கள அலைய விடறாங்க.” ரசீது எழுதும்போது அவர் ஒரு சட்டச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். “பழைய தேதிக்கு விரோதம் தர முடியாதுங்க. இன்னிக்குத் தேதிக்குத்தான் ரசீது. பதினேழு வருஷமா இருந்துட்டு வருதுன்னு மனுவுக்குள்ள எழுதிக்கங்க, அது உங்க பாடு.”

எட்மண்ட் அங்கேயே நின்று அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துக் கோர்ட்டிலிருந்து பிராதின் நகல் வந்தது. எட்மண்ட் அதைச் சமையலறை மேஜையில் வைத்து வாய்விட்டுப் படித்தார். முதல் பக்கத்தைப் படிக்கும்போது சிரித்தார். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அதில் நான்கு சென்ட் எட்டு சென்ட்டாகி இருந்தது.

‘வாதி கடந்த பதினேழு ஆண்டுகளாகத் தினந்தோறும் காலையில் வேலியைக் கடந்து, பிரதிவாதியின் அனுமதியைக் கேட்காமலும், பிரதிவாதி பார்க்கப் பார்க்கவும், சமையலறைப் படி வரை உள்ள இடத்தில் விரோத மனப்பான்மையுடன் பிரவேசித்து, அங்கு அமர்ந்து தன் சுவாதீனத்தை நிலைநாட்டி வந்திருக்கிறார்.’

தபித்தாள் அடுப்பை அணைத்தார். “அது டீ குடிக்க வந்ததுதானுங்களே?”

“டீன்னு இதுல எழுதலை.”

சமையலறைக்குப் பின்னால் புதிதாகச் சேர்ந்த நான்கு சென்ட்டில் அவர்களுடைய தண்ணீர்த் தொட்டி இருந்தது. ரோட்டுக்குப் போகிற சமதளமான பாதையும் அதுதான். தபித்தாளுக்கு முழங்கால் மடங்காது. முன்பக்கம் நாற்பத்திரண்டு படி ஏறித்தான் ரோட்டை அடைய முடியும்.

எட்மண்ட் வேலிச் சந்து வழியாக அந்தப் பக்கம் போனார். காளிமுத்து கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்னப்பா இது, எட்டு சென்ட்டுன்னு?”

“வக்கீலு எழுதினதுங்க.”

“நீ கையெழுத்துப் போட்டிருக்கியே.”

காளிமுத்து மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கேஸ் நடக்கறப்ப உங்ககூடப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கணா. விரோதம் நடுவுல விட்டுப் போச்சுன்னா கேஸ் நிக்காதாமா. தப்பா நெனச்சுக்காதீங்க.” சொல்லிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, “இங்க நிக்காதீங்கய்யா, போங்க!” என்று சத்தமாகக் கத்தினார். வாசலில் நின்ற பாண்டியராஜ் அதைச் செல்போனில் படம் எடுத்தார்.

மறுநாளிலிருந்து காளிமுத்து டீ குடிக்க வரவில்லை. தபித்தாள் ஒரு வாரம்வரை பழக்கத்தில் மூன்று டம்ளர் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

எட்மண்டின் வக்கீல் கெஸியா. சர்ச்சில் பழக்கமான குடும்பத்துப் பெண். அவர் கேஸ் கட்டைப் படித்துவிட்டு உற்சாகமானார்.

“அங்கிள், இது சுலபம். விரோதம் இருந்தா நிலம் அவங்களுக்கு. சிநேகம் இருந்தா உங்களுக்கு. நீங்க சிநேகத்த நிரூபிக்கணும். ஆதாரம் கொண்டு வாங்க.”

எட்மண்டும் தபித்தாளும் இரண்டு நாள் ஆல்பங்களைப் புரட்டினார்கள். கெஸியா போட்டோக்களைத் தரம் பிரித்தார். “ஸ்டெபி கல்யாணத்துல சாம்பார் வாளி தூக்கறார், இது நல்ல ஆவணம். கிறிஸ்மஸ்ல கேக் வாங்கறார், சரி. இதுல பல்லு தெரியலையே அங்கிள், வேண்டாம், எதிர்த்தரப்பு பிடிச்சுக்கும்.” இரண்டாயிரத்துப் பதினைந்தில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தபித்தாளுக்கு ஆபரேஷன் நடந்தபோது காளிமுத்து ரத்தம் கொடுத்ததற்கான சீட்டைப் பார்த்ததும் கெஸியா மேஜையைத் தட்டினார். “இது போதும். இதுக்கு மேல கோர்ட்டுக்கு என்ன வேணும்?”

பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இன்னொண்ணு. நீங்க அனுமதி குடுத்துத்தான் அவர் அந்த நிலத்த வெச்சிருந்தார்னு கூண்டுல சொல்லணும். அனுமதின்னா விரோதம் இல்ல.”

“அது என் நெலம்னே எனக்குத் தெரியாதேம்மா. தெரியாத நெலத்துக்கு எப்படி அனுமதி குடுத்திருப்பேன்?”

“தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பீங்களா?”

“குடுத்திருப்பேன்.”

“அதையே கொஞ்சம் முன்தேதி போட்டுச் சொல்லுங்க. அவ்வளவுதான்.”

எட்மண்ட் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

வழக்கு இரண்டே வருடத்தில் விசாரணைக்கு வந்தது. கோர்ட் வட்டாரத்தில் இதை ஒரு அவசரமாகவே பேசிக்கொண்டார்கள். காளிமுத்து கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டையும் ஸ்வெட்டரும் போட்டிருந்தார். அந்த ஸ்வெட்டர் தபித்தாள் பின்னிக் கொடுத்தது. அதைச் சான்றாவணமாகச் சேர்க்கும் யோசனை கெஸியாவுக்கு வருவதற்குள் அவர் சத்தியம் செய்துமுடித்தார்.

கெஸியா குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார்.

“தினமும் சமையலறைப் படி வரை போவீர்களா?”

“போவேனுங்க.”

“அனுமதி கேட்டதுண்டா?”

“ஒருநாளும் கேட்டதில்லீங்க.”

“ஏன் கேட்கவில்லை?”

காளிமுத்து சந்துருவைப் பார்த்தார். “என் எடங்கற எண்ணத்துலதானுங்க.”

“அங்கே உங்களுக்கு டீ கொடுத்தார்களா, இல்லையா?”

“குடுத்தாங்க.”

“விரோதிக்கு யாராவது டீ கொடுப்பார்களா?”

“எதிர்ப்புத் தெரிவிக்காமக் குடுத்தாங்க” என்றார் காளிமுத்து. இதை அவர் வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். தடங்கலில்லாமல் வந்தது.

அனுபவம் இடைவிடாமல் இருந்ததா என்ற கேள்விக்குக் கெஸியா காட்டெருமைகளைக் கொண்டுவந்தார். வருடத்துக்கு நாற்பது நாளாவது அவை வேலியை முறித்துக்கொண்டு அந்த நிலத்தில் நின்றதைக் காளிமுத்து ஒப்புக்கொண்டார். அந்த நாட்களில் நிலம் யார் சுவாதீனத்தில் இருந்தது என்று கெஸியா கேட்டார். வழக்கை விசாரித்த முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார்.

“காட்டெருமை நோட்டீஸ் ஏதாவது கொடுத்திருக்கிறதா?”

“இல்லை, அய்யா.”

“அப்படியானால் சட்டத்தின் பார்வையில் அது அங்கே நிற்கவில்லை. மேலே போங்கள்.”

கெஸியா கடைசியாக ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் எடுத்தார்.

“இரண்டாயிரத்துப் பதினைந்தில் பிரதிவாதியின் மனைவிக்கு ரத்தம் கொடுத்தீர்களா?”

“குடுத்தேனுங்க.”

“பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் வரை போய்க் கொடுத்தீர்கள்.”

“ஆமாங்க.”

“எந்த எண்ணத்தில் கொடுத்தீர்கள்?”

கோர்ட்டில் மின்விசிறி கிடையாது. அதனால் அங்கே நிலவிய அமைதிக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. பின்வரிசை பெஞ்சில் தபித்தாள் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். காளிமுத்து அவரைப் பார்த்தார், பிறகு முன்சீப்பைப் பார்த்தார். சந்துரு இருமினார்.

“விரோத எண்ணத்துலதானுங்க.”

டைப்பிஸ்ட் தலையை நிமிர்த்தாமல், “எத்தனை யூனிட்?” என்று கேட்டார்.

“ஒண்ணுங்க.”

‘ஒரு யூனிட் ரத்தம் விரோத எண்ணத்துடன் வழங்கினேன்’ என்று பதிவானது. காளிமுத்து கீழே கையெழுத்திட்டார்.

எட்மண்டின் முறை வந்தபோது சந்துரு அதிகம் சிரமப்படவில்லை. ஸ்டேஷன் மனுவை நீட்டினார். “இது யார் கையெழுத்து?”

“என்னுதுங்க.”

“எட்மண்ட் என்பவர் என்னுடைய நீண்டகால விரோதி என்று எழுதியது யார்?”

“நான்தானுங்க. அவரு கேட்டுக்கிட்டதால…”

“எழுதியது நீங்கள். அது போதும். அந்த நிலத்தை அனுபவிக்க வாதிக்கு எப்போதாவது அனுமதி கொடுத்தீர்களா?”

கெஸியா தன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். எட்மண்டுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஞாபகமிருந்தது. ஆம் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் தண்ணீர்த் தொட்டியும் பாதையும் பிழைக்கும். அவர் காளிமுத்துவைப் பார்த்தார். காளிமுத்து கூரையைப் பார்த்தார்.

“இல்லீங்க” என்றார் எட்மண்ட். “அது என் நெலம்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாதுங்க. ரெண்டு பேரும் சேந்து தெரியாமப் பண்ணினது. அதுதான் நெசம்.”

“தன்னைப் பற்றி மட்டும் சொல்லச் சொல்லுங்கள் அய்யா” என்றார் சந்துரு. “என் கட்சிக்காரருக்குத் தெரியாது என்று சொல்லி அவரை அவமானப்படுத்துகிறார்.” முன்சீப் அந்த வாக்கியத்தை அடிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை தபித்தாள் பின்பக்கத்துச் சமதளப் பாதையைத் தொடாமல், முன்பக்கத்து நாற்பத்திரண்டு படியும் ஏறி, சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் ஷைனாவிடம் கேட்டார்.

“ஏம்மா, ஒருத்தர் குடுத்த ரத்தம் நம்ம ஒடம்புல எத்தன நாளைக்கு இருக்கும்?”

“நாலு மாசம் இருக்குங்க்கா. அப்பறம் அது அழிஞ்சு, நம்ம ஒடம்புல ஊறுன சொந்த ரத்தந்தான் ஓடும். ஏங்க்கா?”

“ஒண்ணுமில்ல. எனக்குள்ள இப்ப வேற யாரோடதும் இல்லேல்ல, அதத் தெரிஞ்சுக்கத்தான்.”

பத்து வருடங்களாகத் தன் ஜெபத்தில் தினமும் சொல்லிவந்த ஒரு பெயரை அன்றிலிருந்து அவர் விட்டுவிட்டார். வழக்கில் இதற்கு ஆவணம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை.

தீர்ப்பு ஒரு வியாழக்கிழமை வாசிக்கப்பட்டது. முன்சீப்புக்குத் தன் தமிழ்மேல் பிரியம் உண்டு. நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“இந்த நீதிமன்றம் மனிதர்களின் நெஞ்சைப் பார்ப்பதில்லை. நெஞ்சைப் பற்றித் தாக்கலான ஆவணங்களைப் பார்க்கிறது. இருவரும் நண்பர்களாக இருந்திருக்கக் கூடும். ஆனால் நட்புக்குப் பிரதிவாதி காட்டுவது வெறும் புகைப்படங்கள். புகைப்படத்தில் எல்லோரும்தான் சிரிக்கிறார்கள். விரோதத்துக்கோ காவல் நிலைய முத்திரையுடன் ஆவணம் இருக்கிறது, அதுவும் பிரதிவாதியின் அழகிய கையெழுத்தில். தனக்கு ஏதும் தெரியாது என்கிறார் பிரதிவாதி. தெரியாதவருக்குச் சட்டம் உதவாது. தெரிந்தே செய்தேன் என்று வாதி துணிந்து சொல்கிறார். அவருடைய நேர்மையை இந்த நீதிமன்றம் பாராட்டுகிறது. மேலும், நிலத்தை இலவசமாக எழுதிக்கொடுக்கப் பிரதிவாதி முன்வந்ததாக அவரே சொல்கிறார். தன்னுடைய நிலத்தை எவரும் சும்மா கொடுப்பதில்லை. எனவே அது தன்னுடையதல்ல என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார் என்பது தெளிவாகிறது.”

எட்டு சென்ட்டும் காளிமுத்துவுக்கு என்று தீர்ப்பானது. சமையலறைப் படியில் மேல் படி மட்டும் எட்மண்டுக்கு. கீழ்ப் படியில்தான் காளிமுத்து வழக்கமாக உட்காருவார் என்பது சாட்சியத்தில் நிரூபணமாகியிருந்தது.

கெஸியா அப்பீல் போடலாம் என்றார். “முப்பது நாள் டைம் இருக்கு அங்கிள்.”

“அப்பீல்ல என்னன்னும்மா கேக்கணும்?”

“உங்க ரெண்டு பேருக்கும் சிநேகம் இருந்துச்சுன்னு.”

“இருந்துச்சாம்மா?”

கெஸியா கேஸ் கட்டை நாடா போட்டுக் கட்டினார். சட்டக் கல்லூரியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை.

சில வாரங்களில் பாண்டியராஜ் தண்ணீர்த் தொட்டியை இடித்தார். தூணுக்குக் குழி தோண்டினார்கள். ஒரு நாள் மாலை, வேலையாட்கள் போன பிறகு, காளிமுத்து சமையலறைப் பக்கம் வந்து நின்றார். கையில் ஒரு பையில் கேரட் இருந்தது.

“எட்மண்டண்ணா… கேஸுதான் முடிஞ்சுருச்சுங்களே. இனிப் பழையபடி இருக்கலாங்களே?”

எட்மண்ட் வாசலுக்கு வந்தார். மேல் படியிலேயே நின்றுகொண்டார்.

“காட்டேஜ் வேல முடிஞ்சதும் அக்கா நடக்கறதுக்கு ஓரமா ஒரு வழி உடச் சொல்லி மருமவன்கிட்டக் கேட்டுட்டுத்தானுங்ணா இருக்கேன். மாலதி தெனமும் உங்க ஊட்டப் பாத்துட்டே உக்காந்திருக்கறாங்க. கோர்ட்டுல சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்ணா.”

“கோர்ட்டுல நீ சொன்னது நெசமா, பொய்யா?”

காளிமுத்து கேரட் பையை மறு கைக்கு மாற்றினார்.

“நெசம்னா, நீ பதினேழு வருஷமா என் விரோதி. எனக்கு உன்னத் தெரியவேயில்ல. பொய்யின்னா சொல்லிரு. நெலம் எனக்கு வேண்டாம். நான் அன்னிக்கே குடுத்தேன், இன்னிக்கும் குடுக்கறேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த ரத்தத்த எந்த எண்ணத்துல குடுத்தேன்னு மட்டும் தபித்தாகிட்டச் சொல்லிரு. உள்ளதான் இருக்கா. எனக்கு அது போதும்.”

காளிமுத்துவின் உதடு அசைந்தது. உண்மையாகவே அவருக்குச் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது, கண்ணெல்லாம் ஈரமாகிவிட்டது. சமையலறை ஜன்னலைப் பார்த்தார். தோண்டிய குழிகளைப் பார்த்தார். பிறகு ஒரு அடி நெருங்கி வந்து, ரகசியக் குரலில் சொன்னார்:

“நகல் வாங்கின நாளெல்லாம் கழிச்சுப் பாத்தா அப்பீல் டைம் இன்னும் பதினோரு நாள் இருக்குதாமாங்ணா. அது முடியட்டுங்க. வந்து சொல்லிர்றேன்.”

கேரட் பையைக் கீழ்ப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

எட்மண்ட் அப்பீல் போடவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் காளிமுத்து வந்தார். சொன்ன சொல் தவறாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர் உண்டு. “எட்மண்டண்ணா!” என்று வாய்நிறையக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, “தபித்தாக்கா!” என்றார். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது தபித்தாள் ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்தார்.

“இன்னும் நிக்கறாருங்க” என்றார்.

“போகச் சொல்லேன்.”

“எப்படிங்க சொல்றது? அவரு எடத்துலதானுங்களே நிக்கறாரு.”